கழிவில் போட்ட ஒன்பது தாள்கள்

நாற்பது தாள்கள் கொடுத்தேன். முப்பத்தொன்று திரும்பி வந்தன. மடிப்பு இல்லை, அடித்தல் இல்லை, ஓரம்கூடக் கசங்கவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகச் சீராக அடுக்கி, மூட்டை தைக்கும் சணலால் குறுக்கே ஒரு கட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். மீதி ஒன்பது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. முப்பத்தொன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

போடியில் மலைச்சாலை தொடங்கும் இடத்துக்கு அருகே உள்ள ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி அது. மலையிலிருந்து இறங்கும் காயை இயந்திரச் சல்லடை அளவு வாரியாகப் பிரித்துவிடும். நிறம் வெளுத்தது, வெடித்தது, பூச்சி துளைத்தது ஆகியவற்றைக் கண்தான் பிரிக்க வேண்டும். நாற்பது பெண்கள் தலையில் துணித் தொப்பியுடன் நான்கு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பிப் பொறுக்கினார்கள். கூடத்துக்குள் அரை மணி நேரம் இருந்தால் சட்டையில் ஏறும் வாசனை, பேருந்தில் அல்லிநகரம் வந்து இறங்கும்வரை போகாது.

என் ஆய்வு பணியிட நெறியும் தலைமையும் பற்றியது. பதினான்கு வருடம் ஒரு நாளிதழின் தேனி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். அலுவலகத்தை மூடியபோது, எப்போதோ அஞ்சல் வழியில் படித்து வைத்திருந்த எம்.பி.ஏ. கைகொடுத்தது. ஒரு தனியார் கல்லூரியின் மேலாண்மைத் துறையில் ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அதே துறையில், அதே ஒப்பந்தத்தில், என்னைவிடப் பதினாறு வயது இளையவர் ஒருவர் இருந்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நெறியாளர். தலைப்பை அவர் இரண்டாக வகுத்துக் கொடுத்திருந்தார். தலைமை எனக்கு, பணியாளர் நடத்தை அந்தப் பெண்ணுக்கு. களம் இருவருக்கும் இந்த ஒரே கிட்டங்கி. துறையில் ஒரு நிரந்தர இடம் வரப் போகிறது, முனைவர் பட்டத்தை யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு அது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

பத்திரிகையில் எல்லோரையும் 'அவர்' என்றே எழுதிப் பழகியவன் நான். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவரையும் 'அவர்' என்றுதான் எழுதுவோம். வீட்டில் அந்த இளையவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அவள்' என்று வந்தது. ஒருநாள் என் மனைவி கேட்டாள், "தெனமும் அவ, அவங்கிறீகளே, அவளுக்குப் பேரு கெடையாதா?" அதன் பிறகு நான் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தாள் கொடுத்த முதல் நாள் எனக்கு நன்றாகவே போனது. முப்பது வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஆங்கிலத்திலிருந்து நானே தமிழாக்கியிருந்தேன். முதல் வாக்கியம், 'என் தலைவர் நேர்மைக்கு முன்மாதிரியாக விளங்குகிறார்.' அதை உரக்கப் படித்ததும் முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"தலைவருன்னா யாரு சார்? எந்தக் கட்சி?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்கள் சூப்பர்வைசர்தான் என்று விளக்கினேன்.

"நம்ம அக்காவுக்கா மார்க்குப் போடணும்? ஆத்தாடி, அவுக நமக்குப் போட்ட மார்க்குக்கு நாம திருப்பிப் போட்ருவம்டி."

அந்த மேற்பார்வையாளருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான உருவம். பெரிய குரல் கிடையாது. தாள்களை நிரப்பும்போது தான் இருக்கக் கூடாது என்று அவராகவே வெளியே போய் நின்றுகொண்டார். யாரும் சொல்லித் தரவில்லை. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மாலை ஐந்தரை மணிக்கு நடந்ததை இன்னும் விரிவாக எழுதினேன். ஏலக்காய் விலை உயர்ந்த சரக்கு. வெளியே போகும்போது ஒவ்வொருவரும் வாசல் படியில் நின்று, இடுப்பில் சொருகிய சேலை மடிப்பை எடுத்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மடி உதறுவது என்று சொல்வார்கள். மணி அடித்ததும் அந்த மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் படியில் ஏறி நின்று, தன் மடியைத்தான் முதலில் உதறினார். உதறிவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக வந்து உதறினார்கள். சோதனை என்கிற உணர்வே அங்கே இல்லை. பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே உதறினார்கள். சட்டத்தைத் தன் மேல் முதலில் போட்டுக்கொள்ளும் தலைமை என்று எழுதினேன். மூன்று மாலைகள் அதே இடத்தில் நின்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். என் ஆய்வில் அதுதான் சிறந்த பக்கம் என்று நினைத்தேன். மொழிநடையும் நன்றாக வந்திருந்தது.

மறுவாரம் நெறியாளரின் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவர் என் முப்பத்தொரு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாமே நாலும் ஐந்தும்.

"என்னப்பா இது, இந்தம்மா மனுசிதானா? என் பையன் எனக்கு இதுல பாதி மார்க்குகூடப் போட மாட்டான்."

கள அனுபவத்தை வைத்து நான் பதில் சொல்லத் தொடங்கினேன். மடி உதறும் காட்சியை வருணித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அதுவரை பேசாமல் இருந்த இளையவர் அடுக்கின் மேல் தாளை எடுத்தார். ஓரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சணல் கட்டைப் பார்த்தார்.

"கழிவு எங்க சார்?"

எனக்குப் புரியவில்லை.

"இது பொறுக்குன சரக்கு சார். நாப்பது குடுத்தீங்க, முப்பத்தொண்ணு வந்திருக்கு. மிச்சம் ஒம்பதும் எங்கயும் போயிருக்காது. கழிவுச் சாக்குல இருக்கும்."

அவர் அம்மா பதினெட்டு வருடம் இதே போடியில் வேறொரு கிட்டங்கியில் காய் பொறுக்கியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போயிருக்கிறார். பொறுக்குகிற பெண் எதைக் கையில் வாங்கினாலும் தரம் பிரித்துத்தான் கொடுப்பார், வெளியே போகிற சரக்கில் கழிவு இருக்கக் கூடாது, ஆனால் கழிவையும் எறிய மாட்டார்கள், அதற்கும் வாங்க ஆள் உண்டு, அது பொடிக்குப் போகும் என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். நெறியாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் வருணனையைக் கேட்டபோது அவர் அப்படி உட்காரவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போடிக்குப் போனோம். நான் வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இளையவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் இடைவெளியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரின் சுளகைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். அந்த அம்மாள் தடுக்கவில்லை. இளையவரின் விரல்கள் காயின் மேல் ஓடின. வெளுத்தது இந்தப் பக்கம், வெடித்தது அந்தப் பக்கம். இரண்டு நிமிடம் அப்படியே பொறுக்கினார். அந்த விரல்களை நான் எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இல்லாத ஒரு பொருளை ஒருவர் வெளிச்சத்தில் எடுத்துக் காட்டுகிறார் என்று தோன்றியது.

"எங்கன பொறுக்குன?" என்றார் பக்கத்து அம்மாள்.

"நான் பொறுக்கலத்தா. எங்கம்மா. லீவுல கூட வந்து ஒக்காந்திருவேன்."

"அதான பாத்தேன். டீச்சரு விரலு மாதிரி இல்லயேன்னு."

"சரி, சாரு குடுத்த தாள்ல கழிவு எங்க வச்சிருக்கீக?"

முன்வரிசைப் பெண், கட்சி எது என்று கேட்டவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பார்ட்டிக்கு அனுப்புற சரக்குல கழிவு போடுவமா? அக்காவப் பத்தி ஒம்பது பேரு ஒரு மாதிரியா எழுதி வச்சிருக்காளுக. அதெல்லாம் பெறக்கிப் போட்டாச்சு. அந்தா, மூலையில இருக்குற சாக்கு."

ஒன்பது தாள்களும் கழிவுச் சாக்கின் மேல்பக்கம், ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. பதினான்கு வருடம் ஆட்களைப் பேச வைத்துச் சம்பாதித்தவன் நான். கலெக்டர் அலுவலகத்தில் யாரும் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தேவதானப்பட்டியில் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு குடும்பம் எனக்குக் கதவைத் திறந்திருக்கிறது. இங்கே மூன்று மாலைகள் நின்றும் அந்த மூலையில் ஒரு சாக்கு இருந்ததை நான் எழுதவில்லை. இளையவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார், எடுத்துவிட்டார்.

எடுத்ததும் தன் பைக்குள் வைத்திருந்தால் எனக்கு ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும். நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"இது உங்க தாள் சார்."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இல்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்பது தாள்களிலும் மற்ற வாக்கியங்களுக்கு நாலும் ஐந்தும்தான் போட்டிருந்தார்கள். பதினான்காவது வாக்கியத்துக்கு மட்டும் ஒன்பது பேரும் ஒன்று போட்டிருந்தார்கள். 'என் தலைவர் எல்லோரையும் சமமாக நடத்துகிறார்.' ஒரு தாளின் ஓரத்தில் பேனாவால் இப்படி எழுதியிருந்தது: எல்லாரும் மடி உதறணும், ஒருத்தி மட்டும் உதற வேண்டாமா.

அன்று மாலை கூட்டத்தோடு நான் வெளியேறவில்லை. முப்பத்தொன்பது பெண்கள் உதறிவிட்டுப் போனார்கள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து வரவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். காலிச் சாக்குகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு வந்து, படியைத் தாண்டி, மடியை உதறாமல் போனார். மேற்பார்வையாளர் அவரோடு பேசிக்கொண்டே கதவைப் பூட்டினார். மூன்று மாலைகளும் இது நடந்திருக்கிறது. உதறியவர்களை எழுதிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே நானும் போயிருக்கிறேன்.

என் சிறந்த பக்கம் அத்தோடு போயிற்று. சட்டத்தைத் தன் மேல் முதலில் போட்டுக்கொண்டவர் இன்னொருவரை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார். ஏன் என்பது தெரிந்தால் அதைவிட நல்ல பக்கம் கிடைக்கும். மறுநாள் மேற்பார்வையாளரிடம் நேரடியாகவே கேட்டேன்.

"ஒருத்தருக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை?"

அவர் கையிலிருந்த சாக்கு ஊசியைத் தொப்பியில் குத்திக்கொண்டார்.

"அது பாரபட்சந்தான் சார். அப்புடியே எழுதிக்கோங்க."

"காரணம்?"

"காரணம் எதுக்கு? தப்புதான்னு ஒத்துக்கிட்டேன்ல. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பத்திரிகையில் இப்படி ஒரு பதில் கிடைத்தால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சொந்தமா, சாதியா, பங்கா என்று மூன்று கேள்விக்குறிகளைக் குறிப்பேட்டில் போட்டேன். மூன்றையும் விசாரித்தேன். மூன்றும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேற்பார்வையாளரும் இளையவரும் டீ டம்ளரோடு நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளர்தான் பேசினார். இளையவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்தது யார் என்று என் தூரத்திலிருந்து தெரியவில்லை. குறிப்பேடு இளையவர் கையில் இல்லை, அது மட்டும் தெரிந்தது. திரும்பும் பேருந்தில் கேட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"அது ஆய்வுக்கு இல்ல சார்."

"அந்தப் பெண்ணைப் பத்தியா?"

"ஆய்வுக்கு இல்லன்னு சொல்லிட்டுத்தான் சொன்னாக. நான் கேக்கவும் இல்ல. அவுகளா சொன்னாக."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நாக்கில் ஒரு கசப்பு இருந்தது. ஏலக்காயை மென்று துப்பாமல் வைத்திருந்தால் வருவது போன்ற கசப்பு. எனக்குச் சொல்லவில்லை என்பதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதைப் பயன்படுத்தப் போவதில்லை. கையில் கிடைத்ததை எழுதாமல் விடுகிற வசதி எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்கு இருந்தது.

அந்த வாரம் களப்பணி அனுமதியை நீட்டிக்க முதலாளியைப் பார்க்கப் போனேன். கிட்டங்கியின் மாடியில் குளிரூட்டிய சிறிய அறை. இடுக்கித் தோட்டக்காரர் ஒருவரோடு பாதி மலையாளத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். என் பழைய பத்திரிகை வேலையைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். சுவரில் கேமராப் படங்கள் ஓடும் திரை ஒன்று இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"சாயங்காலம் எல்லாருமே மடி உதறிட்டுத்தான் போறாங்களா?"

அவ்வளவுதான் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, வரிசை சொல்லவில்லை.

"எல்லாரும்தான். ஏன் சார் கேக்குறீக?"

"சும்மா. ஆய்வுக்கு."

கேள்வி எப்படி வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஓர் அதிகாரியிடம் 'குற்றச்சாட்டு உண்மையா' என்று கேட்டுவிட்டு வந்தால் போதும், மறுநாள் அவரே கோப்பைத் தேடி எடுப்பார். அந்த வித்தையில்தான் பதினான்கு வருடம் சாப்பிட்டேன். நான் படியிறங்கும்போது முதலாளி திரையின் பக்கம் நாற்காலியைத் திருப்பியிருந்தார்.

மறுநாள் மாலை எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். இளையவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஐந்தரைக்கு மணி அடித்தது. வாசல் படிக்கு வெளியே முதலாளியே வந்து நின்றார். அவர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

மேற்பார்வையாளர் வழக்கம்போல முதலில் உதறினார். பிறகு முப்பத்தெட்டு பேர், அதன்பின் முன்வரிசைப் பெண், எல்லோரும் சத்தமில்லாமல் உதறினார்கள். ஆனால் ஒருவரும் போகவில்லை. முற்றத்தில் நின்றுகொண்டார்கள். உள்ளே கடைசி வரிசைப் பெண் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களயும் வரச் சொல்லும்மா," என்றார் முதலாளி.

மேற்பார்வையாளர் மறுபடி படியில் ஏறினார். தன் மடியை இரண்டாவது முறை எடுத்து உதறினார்.

"அவளுக்கும் நான் ஒதறிட்டேன் மொதலாளி."

"அது எப்படிம்மா ஆகும்? ஒருத்தருக்கு ஒருத்தர் ஒதறுறதா?"

"எதாச்சும் கொறஞ்சா நான் பொறுப்பு."

"கொறையுதுன்னு நான் சொல்லல. எல்லாருக்கும் ஒண்ணுன்னா அவங்களுக்கும் ஒண்ணுதான? கேக்குறவுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கேட்டவன் நான். மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் சாக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார். படியில் நின்று, இடது கையை வயிற்றின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"என் வயித்துல பை வச்சிருக்காக மொதலாளி. கொடல்ல ஆபரேசன், வெளிக்குப் போறது இதுலதான். ஒதறுனா பை கழண்டுரும்."

முதலாளிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கண்களைத் தரையில் இறக்கினார். "சொல்லியிருக்கலாம்லம்மா," என்று இரண்டு முறை சொன்னார். நீங்கள் போங்கள், இனிமேல் யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள் என்றார். உண்மையாகவே வருந்தினார். அதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

அந்தப் பெண் முற்றத்தின் நடுவே நடந்து வெளியே போனார். முப்பத்தொன்பது பேரும் வழிவிட்டார்கள். வழிவிட்டதில் இரண்டொருவர், யோசிக்காமலேயே, தேவைக்கு மேல் அரை அடி அதிகமாக விலகினார்கள். அந்த அரை அடியை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தார்.

அவர் தெருவில் இறங்கிய பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தாளின் ஓரத்தில் எழுதியவராக இருக்க வேண்டும்.

"அக்கா, எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நாங்க ஒங்களப் போயி என்னென்னமோ நெனச்சுப்புட்டோம்."

மேற்பார்வையாளர் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நெனச்சா நெனச்சுக்கோங்கடி. சொல்றதுக்கு அது என் வயிறா?"

மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. மேற்பார்வையாளர் இரண்டு முறை வீடு தேடிப் போனார். முதலாளியும் ஆள் அனுப்பினார். வீட்டிலேயே புளி தட்டிக் கொடுக்கிறேன், அது போதும் என்று சொல்லிவிட்டாராம். கிட்டங்கியில் மடி உதறும் வழக்கம் தொடர்ந்தது. கடைசி வரிசையில் சுவரோரத்து இடத்தில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை. பிறகு புதிதாக ஒருவர் உட்கார்ந்தார்.

இளையவர் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். கல்லூரி ஊழியர் அறை, மதிய நேரம், இருவர் மட்டும்.

"மொதலாளிக்கு யாரு சார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நான் ஒரு கேள்வி கேட்டேன்."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினார். "ம்" என்றார். சண்டை போட்டிருந்தால் என் தரப்பையும் நான் பேசியிருப்பேன். என் தரப்பு என்று ஒன்றைத் தயாராகவும் வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, மன்னிப்புப் போன்ற ஏதோ ஒன்றைச் சொல்லலாம் என்று மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனேன். சுளகைச் சரித்துக் காயைச் சாக்கில் கொட்டிக்கொண்டே கேட்டார். நான் பாதியில் நிறுத்தியபோது, "பதினாலாவதுல ஒண்ணு போட்டிருந்தாகளாமே. சரியாத்தான் சார் போட்டிருக்காக. அதக் கழிவுல போட வேண்டியதில்ல," என்றார். அந்தப் பதினாலாவது எண்ணை அவருக்குச் சொன்னது யார் என்று உடனே என் மனம் கணக்குப் போட்டது. அந்த இடத்தில் நின்றுகொண்டும் எனக்கு அதுதான் தோன்றியது.

ஆய்வேட்டை இளையவர்தான் முதலில் கொடுத்தார். இடம் அவருக்குக் கிடைத்தது. துறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று எடுத்தேன்.

அந்த ஏடு இப்போது துறை அலமாரியில் இருக்கிறது. யாரும் இல்லாத ஒரு முற்பகலில் எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியது. ஒன்பது தாள்கள் அதில் இருந்தன, என் பெயருக்கு நன்றியோடு. பையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மடி உதறாத பெண்ணும் இல்லை. ஆய்வாளர் பின்பற்ற வேண்டிய நெறி என்ற அத்தியாயத்தில் மட்டும் ஒரு சிறிய பத்தி. களத்தில் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு பணியாளர் வேலையை விட நேர்ந்தது, அது குற்றம் சொல்லும் கேள்விகூட இல்லை, பதில் தேவைப்படாத இடத்தில் கேட்டதுதான் பிழை என்று எழுதியிருந்தார். யார் கேட்டார் என்பதை மூன்று முறை தேடினேன். நாங்கள் கேட்டோம் என்று இருந்தது. அந்த ஏட்டில் மற்ற எல்லா இடங்களிலும் ஆய்வாளர் என்று ஒருமையில்தான் எழுதியிருந்தார். அந்தப் பத்தியில் மட்டும் நாங்கள்.

மேசைமேல் பென்சில் இருந்தது. பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தபோது எந்தப் பத்தியிலும் நான்கு சொற்களையாவது வெட்டிவிடுவேன். அதில் எனக்குப் பெயர் இருந்தது. பென்சிலை வரிகளின் மேல் தொடாமல் ஓட்டிக்கொண்டே போனேன். ஒன்றையும் வெட்ட முடியவில்லை. என்னைப் பற்றி எழுதியதை நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது என்று தெரிந்தது. அந்த நாற்காலியில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. அதே பழைய கசப்புத்தான்.

ஏட்டைத் திரும்ப வைத்தேன். என் ஏடு இன்னும் பாதியில் நிற்கிறது. பதினான்காவது வாக்கியம் வரும் அத்தியாயத்தை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் யார் கேட்டார் என்ற இடத்தில் 'முதலாளியின் கவனத்துக்கு வந்தது' என்று எழுதி, மேலே போய்விட்டேன்.